சின்னையா எந்தக் கதையில் வருகிறான்?

எனக்கு வாய் நீளம். அதனால்தான் ஆபீசில் என்னைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அது திருப்பிப் பேசாது, பாவம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடிதான் ஆபீஸ். மலேசியத் தமிழ்க் கதைகளில் வரும் ஆட்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் எந்தக் கதையில் வருகிறார் என்று இணைப்பது வேலை. திரையில் ஆள் ஒரு புள்ளி, கதை ஒரு புள்ளி, நடுவில் கோடு. கோடு இல்லாத ஆளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரே அழித்துவிடும்.

இந்த வாரம் நான் சின்னையாவை ஏற்றினேன். கப்பல் சமையல்காரன். போர்ட் கிள்ளானில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் இறங்கி ஓடுவார்கள், அவன் மட்டும் இறங்கமாட்டான். கீழே எனக்கென்று யார் நிற்கிறார்கள் என்று ஒரு வீம்பு. துணைக்கு ஒற்றைக்கண் பூனை.

வெள்ளிக்கிழமை காலையில் மலர்விழி வந்து நின்றாள். வயதில் சின்னவள், ஆனால் எனக்கு மேலதிகாரி.

"புஷ்பாக்கா, இந்த சின்னையா எந்த புக்குல வரான்?"

"புக்குல வரல. நானும் மஹ்ஜபீனும் கொமுட்டர் ரயில்ல வரும்போது கட்டுன கதை."

"வாய்க்கதையும் ஏத்தலாம்லா. ஆனா நீங்க சொன்னா மட்டும் பத்தாது. இன்னொருத்தர் 'ஆமா, கேட்டேன்'னு சொல்லணும். அவங்களுக்கு ஒரு கால் பண்ணுங்களேன்."

மஹ்ஜபீனும் நானும் முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். தினமும் கிள்ளானில் ஏறி, பெண்கள் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருவோம். என் வீட்டுக்காரர் ராஜன் போன பிறகு நான் வாய்விட்டுப் பேசியது அந்த ரயிலில்தான். அவள் ஓய்வு பெற்று சுபாங் ஜெயாவில் மகன் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு பெருநாளைக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து, அவ்வளவுதான். சின்னையாவும் போய்விட்டால் எங்கள் சிநேகிதத்துக்கு வேறு என்ன மிச்சம்? அவனை ஏற்றும்போது "கதை: புஷ்பவல்லி, மஹ்ஜபீன்" என்று இரண்டு பேரையும் சேர்த்து அடித்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

மதியம் கூப்பிட்டேன். பின்னால் பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அல்லா! புஷ்பாவா? நல்லா இருக்கியாடி?"

"இருக்கேன். நம்ம சின்னையாவ ஞாபகம் இருக்கா?"

"யாரு? பழைய ஆபீஸ் டிரைவரா?"

எனக்குச் சுருக்கென்றது. கப்பல், சமையல், பூனை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

"பூனை உன்னோட ஐடியாதானேடி?" என்றேன்.

"எனக்குப் பூனைன்னாலே ஆகாது, உனக்குத் தெரியாதா?"

"நான் கேட்டப்ப 'ம்'னு சொன்னியே! தலைய தலைய ஆட்டுனியே!"

அவள் சிரித்தாள். "ஆத்தாடி, நான் தூங்கிட்டுல்ல வருவேன்! நாலரைக்கு எந்திரிச்சு எல்லாருக்கும் சமைச்சு வச்சிட்டு வர்றவ. ரயில் ஆட்டத்துல தலை ஆடியிருக்கும். ஆனா ஒண்ணு, உன் குரலு கேட்டாத்தான் எனக்கு நல்லா தூக்கம் வரும். இங்க அந்த மாதிரி தூக்கமே இல்ல, புஷ்பா."

"எனக்காக, கேட்டேன்னு சும்மா சொல்லேன்" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பேரன் எதையோ கொட்டிவிட்டான், அவள் போனை வைத்துவிட்டாள். அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. தூங்கியவளை என்னவென்று திட்டுவது?

"என்னக்கா சொன்னாங்க?" என்றாள் மலர்விழி.

"கேக்கலையாம்."

சாயங்காலம்வரை விட்டுவைக்காமல் நானே சின்னையாவை அழித்தேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. "கேக்குறான் பாரு கேள்வி!" என்று அதைத் திட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பேக்டரி யூனிபார்மில் யாரோ ஒரு பெண், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தமிழ்ப் பெண்ணா, வேறா, தெரியவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சின்னையா இன்னைக்குக் கப்பல விட்டு இறங்கிட்டான்" என்றேன் மெதுவாக. "பூனையையும் தூக்கிக்கிட்டான்."

ரயில் ஆடியது, அவள் தலையும் ஆடியது. அதை நான் "ம்" என்றே எடுத்துக்கொண்டு, மேலே சொல்ல ஆரம்பித்தேன்.