ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசு

ஒன்பதாம் எண் வீடு இரண்டாகப் பிரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு. சத்தம் இல்லை, தூசி இல்லை, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகூட அசையவில்லை. பிரிவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு கணவர், ஒரு மனைவி, எட்டு வயதில் ஒரு மகள் இருந்தார்கள். பிரிந்த பிறகு கிழக்கு வீட்டில் மனைவியும் மகளும், மேற்கு வீட்டில் கணவரும் மகளும் இருந்தார்கள். எண்ணினால் ஒரு ஆள் அதிகம். தெருவில் எல்லோரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாயிற்று. இன்றைக்கும் ஒரு ஆள் அதிகமாகத்தான் வருகிறது.

கணவர் நிலம் அளக்கும் சர்வேயர். மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து செல்களை எண்ண வேண்டும். அதனால் தெருவுக்கு லேப் அம்மா. இரண்டு பேருமே ஒரு புள்ளி பிசகாதவர்கள், அதுதான் அந்த வீட்டின் கேடு என்று சொல்பவர்கள் உண்டு. என்ன சண்டை என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில்தான் கிடைத்தது. இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேச்சில்லை. "கேஸ் தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பார் லேப் அம்மா. மகள் இரண்டடி நடந்து, "அப்பா, கேஸ் தீந்துபோச்சாம்" என்பாள். "நாளைக்குத்தான் வரும்னு சொல்லு" என்பார் அவர். கடைசியில் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. எல்லாவற்றிலும் ஒத்துப்போன இருவரும் மகள் யாரிடம் இருப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை அவளே வந்து தன் வாயால் சொல்லட்டும் என்று நீதிபதி எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா ஒரு பக்கம் தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்பதும், அப்பா ஒரு பக்கம் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டே கேட்பதுமாக இருந்தது. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வீடு நாலு அங்குலம் அகலமாகியிருந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் சர்வேயர்தான். நாடா தவறோ என்று வேறு நாடா கொண்டுவந்தார். இருபத்தெட்டடி வீடு ஒரு வாரத்தில் முப்பதடியானது, இரண்டாவது வாரத்தில் முப்பத்தாறு. பக்கத்து வீடுகள் ஒன்றும் நசுங்கவில்லை, அவையும் அதே இருபத்தெட்டடிதான். தெருவின் மொத்த நீளத்தை அளந்தால் அதுவும் பழைய நீளமேதான். இந்தக் கணக்கில் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டதில் பாதி முடி போனது என்று சலூன்காரர் இன்றும் சத்தியம் செய்கிறார். அடுத்து சுவர் மாறியது. பார்வைக்குச் செங்கல் சுவர்தான், ஆனால் எதை உள்ளே விடுவது என்பதை அதுவே முடிவு செய்தது. வாசலில் வைத்த பால் பாக்கெட் கதவு திறக்காமலேயே சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது. சர்க்கரையும் உப்பும் அப்படியே. குப்பை தானாக வெளியே வந்தது. ஆனால் வக்கீல் நோட்டீஸ் கொண்டுவந்த தபால்காரர் திறந்து கிடந்த வாசலில் நின்று மூன்று நாள் கையை நீட்டினார், கை உள்ளே போகவில்லை. சமாதானம் பேச வந்த பெரியம்மா ஒருவர் இருமுறை நிலைப்படியில் மோதிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சமையலறையில் ஒரு அடுப்பு இரண்டானபோதுதான் லேப் அம்மாவுக்கு உறைத்தது. ஒரு செல் பிரியப்போகிறதென்றால் முதலில் நன்றாகத் தின்று பருக்கும், சர்க்கரையை எரித்துத் தெம்பு கொடுக்கும் அதன் சின்னச் சின்ன அடுப்புகள் பெருகும், பிறகு நடுவில் பத்திரமாக வைத்திருக்கும் குறிப்புகளையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக எழுதிக்கொள்ளும். லேப் அம்மா ஓடிப்போய் நடு அறை பீரோவைத் திறந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டு, தடுப்பூசி அட்டை இரண்டு, கல்யாண ஆல்பம் இரண்டு. பயத்தில் வாய்விட்டு, "என்னங்க" என்று கூப்பிடப் போனவர், பேச்சில்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பிறகு எத்தனையோ முறை நினைத்து வருந்தினார்.

ஞாயிறு காலை பீரோவைக் காணவில்லை. அதன் இரும்புப் பலகைகள் சர்க்கரைபோலக் கரைந்துபோயிருந்தன. உள்ளே இருந்தவை ஜோடி ஜோடியாகக் கூடத்தின் நடுவில் ஒரே வரிசையில் நின்றன: ஆல்பம், சான்றிதழ், போர்வை, பள்ளிக்கூட ஷூ. மகள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, வரிசையில் ஒரு இடைவெளி பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கிழக்குக் கோடியில் சமையலறை வாசலில் அம்மா, மேற்குக் கோடியில் முன்னறை வாசலில் அப்பா. "இங்க வந்துடும்மா" என்றார் ஒருவர். "என்கிட்ட வா கண்ணு" என்றார் மற்றவர். இரண்டும் ஒரே நேரத்தில். சாமான்கள் நகரத் தொடங்கின, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. மகள் அழவில்லை. "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னாள். முதல் தடவை ஒரு வாயால் சொன்னாள், இரண்டாவது தடவை இரண்டு வாயால். பிறகு கூடத்தின் இடுப்பு உள்வாங்கியது, கூரை இறங்கியது, நடுவே இரண்டு சுவர்கள் எழுந்தன. இரண்டு வீடுகளுக்கும் இடையில் நாலு அங்குலச் சந்து.

எது அசல், எது நகல்? தெருவே இதைத்தான் கேட்டது, லேப் அம்மாவும் இதைத்தான் கேட்டுக்கொண்டார். கழுத்து மச்சம் இருவருக்கும் இருந்தது, முழங்கால் தழும்பும் இருந்தது. மறுநாள் விடிந்ததும் இருவரின் கன்னத்தின் உள்பக்கத்தையும் பஞ்சால் வழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், சாயம் ஏற்றி, கண் எரியும்வரை பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. அன்று கோர்ட்டுக்குக் கிளம்பும்போதுதான் ஷூவைக் கவனித்தார். கிழக்குக்காரிக்கு இடது ஷூ மூன்று மாதத் தேய்மானத்தோடு இருந்தது, வலது புத்தம் புதுசு. மேற்குக்காரிக்கு வலது தேய்ந்தது, இடது புதுசு. ஆல்பத்தைப் புரட்டினால் அங்கேயும் ஒரு படம் மங்கியது, அடுத்தது புதுசு. செல்லும் இப்படித்தான் செய்யும், பழைய பிரதியை ஒருத்திக்கும் புதிய பிரதியை ஒருத்திக்கும் கொடுத்து ஓரவஞ்சனை செய்யாது, ஆளுக்குப் பாதி பழசு, பாதி புதுசு. அசல் என்று யாரும் மிஞ்சவில்லை, நகல் என்றும் யாரும் இல்லை. இது புரிந்ததும் லேப் அம்மாவுக்கு இருந்த குழப்பம் இன்னும் கூடியது.

கோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல யாரும்மா அந்தக் குழந்தை?" என்றார். இரண்டு கைகள் உயர்ந்தன.

"சரி. யார்கூட இருக்க ஆசைப்படறே?"

"ரெண்டு பேர் கூடவும்" என்றார்கள் ஒன்றாக.

நீதிபதி பேனாவைத் திறந்தார். ஆளுக்கொரு மகள் ஏற்கெனவே இருப்பதால் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாலு வரியில் எழுதி விவாகரத்தையும் கொடுத்து அனுப்பினார். வக்கீல்கள் இருவரும் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

தெரு அதோடு சிக்கல் தீர்ந்ததாக நினைத்தது. தீரவில்லை. முன்பு ஒரு பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போகுமோ அப்பா இல்லாமல் போகுமோ என்றுதான் பயம். இப்போது ஒருத்திக்கு அம்மா இல்லை, ஒருத்திக்கு அப்பா இல்லை. லேப் அம்மா தட்டில் சாப்பாடு போடும்போதே சந்துக்கு அப்பால் அவள் சாப்பிட்டாளோ என்று நினைப்பு போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இங்கே கரண்டி பாதியில் நிற்கும். உறுதியாகப் பிடித்து அணைத்துக்கொள்ளலாமா, அதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், பள்ளிக்கூட வாசலில் மேற்குக்காரியைக் கண்டால் பையின் வாரைச் சரி செய்துவிட்டு ஓடி வந்துவிடுவார். பெற்ற மகளை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று லேப் வெண்டிலேட்டர் ஜன்னலுக்கு அடியில் நின்று அழுவார். மைக்ரோஸ்கோப்பில் செல் பிரிவதைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எதிரெதிர்க் கோடியில் இரண்டு புள்ளிகள் நிற்கின்றன, அங்கிருந்துதான் இழைகள் கிளம்பி நடுவில் இருப்பவற்றைப் பிடித்து இழுக்கின்றன. அன்று அவர் ஒரு ஸ்லைடுகூட எண்ணி முடிக்கவில்லை.

நாலாவது மாதம், ஒரு மழை நாளில், வேலை முடிந்து வந்தவர் வாசலில் கிடந்த ஷூவை உலர வைக்கலாம் என்று எடுத்தார். தேய்ந்திருந்தது வலது ஷூ. இடதில் தேய்மானம் குறைவு. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீ எந்த வீடு?" என்றார், ஷூவைக் காட்டி.

"இன்னிக்கு இந்த வீடும்மா."

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்தே. நாள் விட்டு நாள். ஸ்கூல்லயே ஷூவ மாத்திப்போம். இன்னிக்கு மழைல மறந்துட்டோம்."

லேப் அம்மா ஈர ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரை நினைத்து ஏங்கினாரோ அவளுக்கே சோறு போட்டுக்கொண்டு ஏங்கியிருக்கிறார். போன வாரம் பல் துலக்கவில்லை என்று திட்டியது யாரை, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது யாரை? ஒன்றும் பிடிபடவில்லை. சுவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிய சுவர், இரண்டு பேரில் ஒருத்தியைக்கூட ஒரு நாளும் தடுக்கவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஷூவை எடுத்துக்கொண்டு எழுந்து மேற்கு வீட்டு வாசலுக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. தபால்காரரின் கை நின்றுபோன இடத்தில் தன் கையை நீட்டினார், பயந்துகொண்டே. கை உள்ளே போனது. பிறகு ஆளும் போனார். சர்வேயர் உயரம் குறிக்கும் பென்சிலோடு கதவு நிலையருகே நின்றிருந்தார். நிலையில் ஒன்றல்ல, இரண்டு கோடுகளாகக் குறிகள் ஏறியிருந்தன, பக்கத்தில் தேதி.

"என்னங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"மேற்குக்காரி உயரத்துல ஒரு நூல் அளவு கம்மி. மொத மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியோன்னு பயம்."

லேப் அம்மா ஷூவை அவரிடம் நீட்டினார். "நடுவுல நின்னவளக் கிழிச்சது வீடு இல்லீங்க. நாமதான் இழுத்தோம்." சர்வேயர் ஷூவை வாங்கி, தேய்ந்த குதியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "ஆமா" என்றார். உள்ளேயிருந்து கிழக்குக்காரி எட்டிப் பார்த்து, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதைக் கண்டு, தான் ஏதாவது சொல்லிவிட வேண்டுமோ என்று பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

அதற்காக வீடு திரும்ப ஒன்று சேரவில்லை, பிரிந்த செல் சேர்ந்ததாக லேப் அம்மா எங்கும் பார்த்ததில்லை. இரண்டு வீடும் வளர்ந்து ஆளுக்கு இருபத்தெட்டடியாயின, தெருவின் நீளம் இன்னும் மாறவில்லை. நகராட்சி ஒன்பது, ஒன்பது என்றே இரண்டுக்கும் பலகை மாட்டியது. மறு வருடம் பழைய ஷூ சின்னதாகிப்போனது. அம்மா பழுப்பு நிறத்தில் வாங்கினார், அப்பா கறுப்பில் வாங்கினார், அடையாளத்துக்காக இல்லை, கேட்டுக்கொள்ளாமல் வாங்கியதால். அன்று மாலையே இரண்டு வாசலிலும் ஒரு பழுப்பும் ஒரு கறுப்பும் கிடந்தன. பள்ளிக்கூடம் ஒரு வாரம் ஆட்சேபித்து ஓய்ந்தது. இப்போது பெண்களுக்குப் பதினான்கு வயது. ஜூன் மாதம் லேப் அம்மாவும் சர்வேயரும் சேர்ந்தே ஷூ கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பழுப்பும் ஒரு கறுப்புமாக வைத்துக் கட்டிக் கொடுக்கிறார். எந்தப் பெட்டி எந்த வீட்டுக்கு என்று அவரும் கேட்பதில்லை, இவர்களும் பார்ப்பதில்லை.