எலுமிச்சம்பழம் வைக்காத எஞ்சின்

பூங்கோதை எஞ்சினை வடிவமைக்கத் தொடங்கிய அன்றே, அது வரப்போகிறது என்று ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள்.

சரக்கு இழுக்கும் டீசல் எஞ்சின். உலகத்தில் எந்தத் தண்டவாளத்திலும் இல்லாதது. கணினியில் ரயில் ஓட்டி விளையாடுகிறவர்களுக்காக அவளே யோசித்துச் செய்வது. அதற்கெல்லாமா கேட் போடுவார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வண்டி என்றால் வண்டிதான்.

அவள் கணவன் உமாபதி அப்போதுதான் இட்லி மாவு அரைக்க வாளியோடு சைக்கிளில் போயிருந்தான். மில் கேட்டுக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம். திரும்பி வந்தால் கேட் போட்டிருந்தது. அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறான்.

குனிந்து நுழைந்து வந்திருக்கலாம். எல்லோரும் வழக்கமாகச் செய்வதுதானே. ஆனால் இந்த முறை ஆள் குனியக் குனிய கேட்டும் இறங்கியது.

கேட்கீப்பர் சவரிமுத்து அடிக்கடி போன் செய்தார்.

"எஞ்சின் எங்கம்மா வருது?"

"சக்கரம் மாட்டிக்கிட்டிருக்கேன்ணே."

"சக்கரமே இப்பதானா?"

"எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"நல்லாருக்கார். மாவுதான் பொங்கி வாளிய விட்டு எறங்கிடுச்சு. அவர் பக்கத்துல நிக்குது. அமைதியான மாவு."

அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அங்கேயே ரேஷன் கார்டு மாற்றிக் கொடுக்கிறார்களாம். பாதிப் பேர் மாற்றிக்கொண்டார்கள். உமாபதி இன்னும் மாற்றவில்லை. எவ்வளவு நாள்தான் தாங்குவான் என்று பூங்கோதைக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவன் முகம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது.

அதனால் ஞாபகம் இருக்கும்போதே அதை எஞ்சின் டிரைவருக்கு வைத்துவிட்டாள். முதலில் மூக்கு. பிறகு மீசை. இடது புருவத்தில் இருந்த வெட்டு. சட்டை வரைக்கும் செய்து நிறுத்திக்கொண்டாள். ஜன்னலுக்குக் கீழே காலை யார் பார்க்கப் போகிறார்கள்? இந்த வேலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

எஞ்சின் வளர வளர அறையும் நீண்டது. அடுக்களை வெகுதூரம் போய்விட்டது. காபி போடப் போனால் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு மாங்காய்ப் பச்சை அடித்தாள். புகை வைத்தாள். கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்தது. புகை சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

கடைசியில் எல்லாம் முடிந்தது. பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. நகரவில்லை.

டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"புது வண்டி மேடம். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் எங்க?"

புருஷன் முகம் மேடம் என்று கூப்பிட்டது அவளுக்கு எப்படியோ இருந்தது.

"உங்களுக்குக் காலே இல்ல. அதுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"கால் இல்லாம ஓட்டலாம். பழம் நசுக்காம புது வண்டிய எடுக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம்தான். ஸ்கூட்டி வாங்கியபோதுகூட அவள் மறக்காததை இதற்கு மறந்துவிட்டாள். உடனே ஒரு பழம் வரைந்து வைத்தாள். சக்கரம் அதற்குள் புகுந்து வெளியே வந்தது. பழம் அப்படியே இருந்தது.

"சாறு வரல மேடம்."

நிஜப் பழம் வேண்டும். பழக்கடையோ மில்லுக்குப் பக்கத்தில். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சவரிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவர் போனை உமாபதியிடம் கொடுத்தார்.

"ஏங்க, ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கித் தண்டவாளத்துல வைங்க."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"வைக்கிறேன். சீக்கிரம் வரச் சொல்லு. கார்டுக்கு போட்டோ எடுக்கக் கூப்புடுறாங்க."

டிரைவரிடம் சொன்னாள். அவர் யோசித்தார்.

"பழத்து மேல ஏத்தாம வண்டி கெளம்பாது. பழம் அங்க இருக்கு. வண்டி இங்க இருக்கு."

"ஆமா."

"சரி. அங்க போற வரைக்கும் கெளம்புனதா வச்சிக்க வேணாம்."

எஞ்சின் கிளம்பாமலே போனது. தூரத்தில் நீண்ட ஹாரன் கேட்டது. அறை சுருங்கி, அடுக்களை பழைய இடத்தில் வந்து நின்றது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். உமாபதி உள்ளே வந்தான். பின்னால் மாவு வந்தது. அவன் வாளியைக் கீழே வைத்ததும் தானாக அதற்குள் இறங்கிக்கொண்டது.

"கேட் போட்டுட்டான்," என்றான், தாமதத்துக்குக் காரணமாக.

"தெரியும்."

"எஞ்சின் நல்லாருந்துச்சு. ரெண்டு பழத்தையும் நசுக்கிட்டுப் போச்சு. டிரைவர் என்னப் பாத்துக் கைகாட்டினான். என்ன மாதிரியே இருந்தான்."

"மறந்துடுமோன்னு பயந்துட்டேங்க. அதான் வச்சேன்."

அவன் நின்று நின்று வலிக்கிறது என்று தரையில் உட்கார்ந்தான். வேட்டியை விலக்கிக் காலை நீட்டினான்.

பூங்கோதை குனிந்து பார்த்தாள். இரண்டு இருந்தன. அப்பாடா என்று தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.