படத்தில் நிற்காத பஸ்

சகாயசெல்வி எழுதியது மொத்தம் இரண்டே வரி. ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்து மில் பஸ் ஒன்றை டீசல் இல்லாமல், டிரைவர் இல்லாமல், சக்கரமே இல்லாமல்கூட ஓட்டிக் காட்டும் வல்லமை அந்த இரண்டு வரிக்கு இருந்தது.

திண்டுக்கல்லில் குக்கர் ரிப்பேர்க் கடை மாடியில் ஐந்து பேர் கொண்ட கம்பெனியில் அவளுக்கு வேலை. மில்லுக்கு ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தார்கள். டிரைவர் சட்டைப் பையில் இருக்கும் போன், பஸ் எங்கே வருகிறது என்று பத்து விநாடிக்கு ஒருமுறை சொல்லும். வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு அருமைதான், போனுக்குத்தான் தூக்க வியாதி. திரை அணைந்து ஐந்து நிமிடமானால் போதும், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, பின்னணியில் ஓடுகிற வேலைகளையெல்லாம் கழுத்தைத் திருகிப் போட்டுவிடும். செல்வி ஆபீசில் சோதித்தபோது போன் சார்ஜரில் இருந்தது, திரை எரிந்தது, எல்லாம் சமர்த்தாக ஓடியது. மில்லில் காட்டப் போன அன்றோ, படத்தில் பஸ் ஒரு டீக்கடை வாசலில் பட்டா வாங்கியதுபோல் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டது.

“நிக்கிற பஸ்ஸைப் பாக்கவா ஆப்பு? எதையாவது பண்ணி நகத்து செல்வி” என்றார் கம்பெனி முதலாளி முகேஷ்குமார்.

நகர்த்தினாள். போனிலிருந்து தகவல் வராவிட்டால், கால அட்டவணைப்படி பஸ்ஸை ரோட்டோடு ஓடவிடு. அந்த இரண்டு வரி அவ்வளவுதான். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு நான்கு மாதமாக விடியவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் டிரைவர் சடையாண்டி, நான்கு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. வேலா மரத்தடியில் நிறுத்தி, தன்னந்தனியாக முக்கால் மணி நேரம் போராடி மாட்டினார். போன் அவர் பையில் குறட்டை விட்டது. படத்தில் பஸ் பறந்தது.

கரட்டுப்பட்டி பிரிவில் இருபத்திரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். எதிரே ரோடு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சிவனம்மாள் போனைப் பார்த்தாள். “அடியேய், பஸ்ஸு நம்மளத் தாண்டி அரை மைல் போயிருச்சுடி!”

“நம்ம கண்ணு முன்னாலயா?”

“நீ உன் நாத்தனா கதையச் சொன்னா யானை போனாக்கூடத் தெரியாது!”

ஐம்பது சீட்டு வண்டி தங்கள் மூக்கை உரசிப் போனதாகவே நம்பி, இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

பெல்ட்டை மாட்டிய சடையாண்டி மணி பார்க்கப் போனை எடுத்தார். போன் விழித்தது, படத்தில் பஸ் பின்னால் குதித்தது. “ஸ்டாப்புல நிக்காமத் தாண்டிப் போயி, எங்கயோ சுத்திட்டுத் திரும்பியிருக்கீங்க. படத்துல இருக்கு” என்றார் மில் மேனேஜர். திங்கட்கிழமை விசாரணை, அதுவரை வேலையில்லை, அதற்குப் பிறகும் இருக்காது போலிருந்தது.

சனிக்கிழமை சடையாண்டி கம்பெனி மாடியேறி வந்தார். கையில் அறுந்த பெல்ட்.

“பாப்பா, அந்தப் படத்த எனக்கொருக்காக் காட்டு.”

காட்டினாள். அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

“நின்ன மாதிரிதான் எனக்கு நெனப்பு. பெல்ட்டும் கையில இருக்கு. ஆனா அது அந்துது என்னிக்குன்னு இப்பக் கொழப்பமா இருக்கு. மிசினு பொய் சொல்லுமா? எங்கய்யாவுக்கும் இந்த வயசுலதான் புத்தி தடுமாறுச்சு. வீட்டுக்காரி வண்டிச் சாவிய ஒளிச்சு வச்சிட்டா பாப்பா.”

‘அண்ணே, பொய் சொன்னது நான்’ என்ற நான்கு சொல் செல்வியின் தொண்டைவரை வந்தது. வந்தது வெளியே வராமல், “டீ சாப்புடுறீங்களாண்ணே?” என்று வேறொன்று வந்தது.

அதன்பின் அவள் தின்ற இட்லிகள் உள்ளே போகாமல் வரிசையில் நின்றன. கண்ணை மூடினால் டிரைவர் இல்லாத பஸ்கள் ஊர்வலம் போயின. ஞாயிறு சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்கால் மரத்துப்போகும்வரை ஃபாதருக்கு ஆப், பேட்டரி, பின்னணி வேலை எல்லாம் விளக்கினாள்.

“யாரையும் ஏமாத்துனியாம்மா?”

“அந்த ரெண்டு வரிதான் ஏமாத்துச்சு ஃபாதர்.”

“வரிய யார் எழுதுனா?”

செல்வி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“எங்கிட்டச் சொன்னது இருக்கட்டும். டிரைவர்கிட்டச் சொல்லிட்டியா?”

திங்கட்கிழமை இரண்டேகால் மணிக்கு மேனேஜர் அறையில் சடையாண்டி நின்றார். முகேஷ்குமார், “படத்த மட்டும் காட்டு, வாயத் தொறக்காத” என்று செல்வியின் காதோரம் சொல்லியிருந்தார். மேசைமேல் சடையாண்டியின் போன், திரை அணைந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய பஸ் பூட்டி நின்றது. அன்றைக்கு ஆள் ஏற்றப் போவது வேறு பஸ்.

“சார், பஸ்ஸு கெளம்புற நேரம் ரெண்டரை, அது வரைக்கும் பொறுத்துக்கங்க” என்றாள் செல்வி. அவள் குரல் குக்கர் விசிலாகக் கீச்சிட்டது.

இரண்டரை ஆனது. மேனேஜரின் கம்ப்யூட்டரில் பஸ் மில் கேட்டைவிட்டுக் கிளம்பியது.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். பஸ் அங்கேயே நின்றது, அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. திரையைப் பார்த்தார். பஸ் ரோட்டில் திரும்பி, ஒரு ஸ்பீடு பிரேக்கரையும் மதிக்காமல் கரட்டுப்பட்டியை நோக்கி விரைந்தது.

“யாரும்மா ஓட்டுறா?”

“நான்தான் சார். நாலு மாசமா.” இந்த முறை நான்கு சொல்லும் நிற்காமல் வந்தன. அவற்றின் பின்னால் மற்றவையும் வந்தன. முகேஷ்குமார் விசிறியைப் பார்த்தபடி அதன் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார்.

சடையாண்டி திரையருகே குனிந்தார். பஸ் கரட்டுப்பட்டியைத் தாண்டும்வரை பார்த்தார்.

“அப்ப, நான் நின்னேன்தானே?”

“நின்னீங்கண்ணே.”

மேனேஜர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றோ என்னவோ. சடையாண்டி காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து, திட்டாமல், முகத்தைப் பார்க்காமல் செல்வியின் கையில் வைத்தார்.

“இனி இது எனக்கெதுக்கு. நீயே வச்சுக்க பாப்பா.”

அவர் படியிறங்கிப் போன பிறகு பிரித்தாள். கோணல் எழுத்தில் மனைவி பேர், பேரன்கள் பேர், வீட்டுக்குப் போகும் வழி, எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தது. முதல் வரியில் அவருடைய சொந்தப் பேர்.