மாதாவின் காலடியில் ஒரு பெட்டி

"பிரேக்லேருந்து காலை எடுங்க" என்று கணவரின் முழங்காலைத் தட்டினாள் மகதலேனா.

ரபேல் எடுத்தார். பின்னால் கிரீச்சிட்டு முரண்டுபிடித்த டிரெய்லர் சட்டென்று விட்டுக்கொடுத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வளைவைத் தாண்டி லேண்ட்ரோவர் ஓரங்கட்டியது. டிரெய்லரில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் இரண்டு ரோட்டில் கிடந்தன.

பின்சீட்டில் ஃபாதர் லியனார்ட் அங்கியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு அந்த மூட்டை இடத்துலதான் மாதா சுரூபம் நிக்கும். சுத்தி சனங்க மெழுகுவர்த்தியோட நடப்பாங்க. வேணாம் ரபேல். தோள்லயே தூக்கிடலாம்."

அந்த டிரெய்லரை வெல்டிங் செய்தது ரபேல். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "டிரெய்லர் நல்லாத்தான் இருக்கு ஃபாதர். இந்தப் பெட்டிதான் சேட்டை பண்ணுது."

ஆஸ்திரேலியாவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டி. முன்னால் பிரேக்கை மிதித்தால், டிரெய்லர் சக்கரங்களுக்கும் கரண்ட் அனுப்பிப் பிடிக்கவைக்கும். டேஷ்போர்டில், ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஜெபம் சொல்லி வண்டியை மந்திரித்தபோது வைத்த சின்ன மாதா சிலையின் காலடியில் அது குறுக்கே கிடந்தது.

"பங்சார் சரிவுல நேரா இறங்கறப்ப நல்லா மிதிச்சீங்க. டிரெய்லர் பிடிக்கவே இல்ல, நம்மளத் தள்ளிக்கிட்டு வந்துச்சு" என்றாள் மகதலேனா. "இங்க வலது பக்கம் திரும்பறப்ப லேசாத் தொட்டீங்க, கவ்விப் பிடிச்சிருச்சு. கெட்டுப்போன சாமான் வளைவு பாத்தா வேலை செய்யும்?"

"பேய் பிடிச்சிருக்கும் லா."

"அப்ப அது ஃபாதர் வேலை. பெட்டிக்குள்ள என்னங்க இருக்கு?"

"ஒரு குண்டு தொங்குது. வண்டி வேகம் குறைஞ்சா முன்னாடி ஆடும். ஆடற அளவுக்குக் கரண்ட் போகும்."

மகதலேனாவின் பார்வை கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலைக்குப் போனது. "ஓட்டுங்க."

நேர் ரோட்டில் ரபேல் மிதித்தார். ஜெபமாலை முன்னால் பாய்ந்தது. வலப்பக்கம் திருப்பினார்; அது இடப்பக்கம், அவள் பக்கமாக ஒதுங்கியது.

அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "பிரேக் அளவைக் கூட்டிக் குறைக்கற இந்தத் திருகு உங்களைப் பாத்துல்ல இருக்கணும்? உங்க பக்கத்துக் கதவைப் பாக்குது. பெட்டியோட மூக்கு என் பக்கம் இருக்கு. அதுக்கு இதுதான் முன்பக்கம். அதான் வலது வளைவுல மட்டும் குண்டு ஆடுது."

ரபேல் வண்டியை நிறுத்தினார். அவள் சிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பெட்டியை நேராகத் திருப்பி முடுக்கினார். மறுபடி பங்சார் சரிவு, மறுபடி அதே வளைவு. ஒரு மூட்டைகூட அசையவில்லை.

"நாளைக்கு டிரெய்லர்லயே போகட்டும்" என்றார் ஃபாதர். குரல் ஏனோ இறங்கியிருந்தது.

ரபேலுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "ஒர்க்‌ஷாப் வாசுவை விடப்போறதில்ல. பெட்டியை மாட்டினது அவன்தான். நேரா வைடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." வண்டி ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பியது.

"வேணாம். அவன் நேராத்தான் வச்சிருந்தான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதரின் கண்கள் மகதலேனாவின் மடியிலிருந்த சிலையின் மேல் இருந்தன.

"மந்திரிக்க வந்தன்னைக்கு மாதாவ வைக்க இடம் பத்தல. நான்தான் பெட்டியைத் திருப்பி வச்சேன்."