சிவப்புச் சீட்டு கட்டிய பைனாகுலர்

கோவிந்தராஜனுக்கு வரித்தலை வாத்தைப் பார்த்தே ஆக வேண்டும். போன வருஷமும் செகந்திராபாத் திருமுல்கேரியிலிருந்து சைக்கிள் மிதித்து ஏரிக்குப் போனார். கழுத்தில் தொங்கிய பழைய பைனாகுலர் அம்மிக்குழவி கனம். அதைத் தூக்கிக் கண்ணில் வைப்பதற்குள் வாத்துக் கூட்டம் இமயமலைப் பக்கம் கிளம்பிவிட்டது.

இந்த வருஷம் சட்டைப் பைக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு வாங்கினார். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று என்பீர்கள், கண்ணுகளா. மனிதர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். அவர் தட்டிப் பார்க்காமல் அந்த வீட்டுக்குள் ஒரு தேங்காய் நுழைந்ததில்லை.

அதிர்வுச் சோதனைக்காக இரண்டையும் ஓடுகிற கிரைண்டர் மேல் கட்டினார். மழைச் சோதனைக்காக ஷவருக்கு அடியில் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு தானும் நின்றார்.

"பறவை பாக்கப் போறேளா, எல்லையக் காக்கப் போறேளா?" குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள் மனைவி மங்களம். "வாத்து உங்க முத்திரைக்காகக் காத்துண்டிருக்காது."

"அவசரப்பட்டா நடுரோட்டுல கண்ணாடி கழண்டு விழும்டி."

பச்சையின் மூடி 'டக்'கென்று பொருந்தாமல் 'டொக்'கென்றது. நிராகரித்து, சிவப்புச் சீட்டு கட்டினார். கறுப்பு தேறியது. வெயில் சோதனைதான் பாக்கி. பால்கனிக் கொடியில் தொங்கவிட்டார்.

ஒரு தேன்சிட்டு நாரும் ஒட்டடையுமாகக் கொண்டுவந்து அதன் வாரில் கூடு பின்னத் தொடங்கியது. பாரம் தாங்குகிறதா பார்ப்போம் என்று அதையும் சோதனையில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, ஏரிக்குக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில் கையுறை மாட்டிக்கொண்டு வந்தால், சிட்டு உள்ளே முட்டை மேல் உட்கார்ந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சைக்கிள் கோஷ்டியைக் கூட்டிப் போகிற கிருஷ்ணகுமார், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து தமிழில் ஊர் உருதுவைக் கலந்து பேசுகிறவர், வாசலில் மணி அடித்தார். "கைக்கு சார், ஏன் லேட்டு? வாத்துங்க இன்னிக்கோ நாளைக்கோ கிளம்பிடும்."

"பைனாகுலர்ல ஆள் இருக்கு," என்றார் கோவிந்தராஜன்.

கிருஷ்ணகுமார் அண்ணாந்து பார்த்தார். "ஹவ் சார், ஆமா. அப்ப நக்கோ, வேணாம். விட்டுட்டு வாங்க."

வெறுங்கழுத்தோடு மிதித்தார். ஏரியின் அக்கரையில் சாம்பல் புள்ளிகள். வாத்தா, கல்லா, யாராவது உலர்த்திய துணியா, தெரியவில்லை. இந்த வருஷமும் போயிற்று என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பின்னாலேயே மிதித்து வந்து பக்கத்தில் தன் சைக்கிளை நிறுத்திய மங்களம், கூடையில் காப்பி பிளாஸ்குக்கு அடியிலிருந்து பச்சையை எடுத்தாள்.

"இது தேறலையே, மங்களம்."

"வாத்துக்குத் தெரியாது. பாருங்கோ."

கைப்பழக்கம், அதைக் காதருகே வைத்து ஒரு தடவை குலுக்கினார். அதற்குள் புள்ளிகள் எழும்பின. பதறிக் கண்ணில் வைத்தார். உலகம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. மங்களம் எட்டி, சீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

வெள்ளைத் தலை. பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, யாரோ நிதானமாக மை தொட்டு இழுத்த மாதிரி. ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் பறந்து வந்தன.

"போதுமா? கை வலிக்கறது."

"சீட்டை இறக்கிடாதே," என்றார். "கடைசியில ஒண்ணு மெதுவா வந்துண்டிருக்கு."