மூன்று நாள் முறை

“எதுனாலும் எங்கிட்டச் சொல்லு அம்மிணி. நான் அவருகிட்டச் சொல்லிக்கறேன்.”

“ஏனுங்க அக்கா, நானே கேட்டா ஆகாதுங்களா?”

“மூத்தாருகிட்ட நேரா பேசுவியா? நல்லாருக்குது போ! இந்த ஊட்டுக்கு வந்த எந்தப் பொண்ணும் அப்படிப் பேசுனதில்ல. அவரும் உங்கிட்டப் பேச மாட்டாரு.”

மைதிலி கல்யாணமாகி வந்த புதிதில், கணவனின் அண்ணி வசந்தாமணி சொன்னது இது. சொன்னபடிதான் நடந்தது. மூத்தார் சிவக்குமார் தம்பி மனைவியிடம் இன்றுவரை ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் மைதிலி வாளியோடு எதிரில் நின்றாலும், “வசந்தா, ரசம் ஊத்தச் சொல்லு” என்பார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

பாகம் பிரிந்தபோது நிலம் இரண்டானது. கிணறு ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் தம்பிக்கு என்று முறை வைத்தார்கள். வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களுக்கு அது போதும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒத்துவராது. செம்மண் காட்டு மரவள்ளிக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கோடையில் மூன்று நாள் குழாயை மூடிவைத்தால் செடி வாடித் தலை தொங்கிவிடும்.

இது மைதிலிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. வெண்ணந்தூரில் ராசிபுரம் ரோட்டில் சொட்டுநீர்க் கடை வைத்திருந்தாள். காட்டை அளப்பது, குழாய் இழுப்பது, மானியத்துக்கு எழுதிப்போடுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மழை முன்போல இல்லை, போர் மேல் போர் போட்டுப் பாறையைத் துளைக்காதீர்கள் என்று காடு காடாகப் போய்ச் சொல்வாள். கேட்கிறவர்கள் கடைசியில் ஒன்றுதான் கேட்பார்கள்: “உங்க காட்டுல போட்டிருக்கீங்களா?”

போன கோடையில் அவள் வசந்தாமணியிடம் போய் நின்றாள். முறையை மாற்ற வேண்டும் என்று மூத்தாரிடம் சொல்லச் சொன்னாள். மறுநாளே பதில் வந்தது. “முடியாதுன்னுட்டாரு அம்மிணி. தாம்தூம்னு குதிக்கறாரு. இனிமே அந்தப் பேச்சையே எடுக்காத.”

அதைக் கேட்ட அன்றே அவள் கணவன் சபரிநாதன் முறுக்கிக்கொண்டான். “அவன் கிணறு அவனோட கெடக்கட்டும். என் பங்குல நான் போர் போட்டுக்கறேன்.”

“நான் ஊரெல்லாம் போர் வேண்டாம்னு சொல்லிட்டுத் திரியறேன். நம்ம காட்டுலயே போரா? கிணத்தை ஒட்டிப் போட்டா கிணறு வத்திப்போயிருமுங்க.”

“வத்தட்டும். அவனுக்கும் சேர்த்துத்தானே வத்தும்.”

அந்தப் பேச்சு அதோடு அடங்கிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

இன்று காலை ஓமலூரிலிருந்து தீர்த்தகிரி கடைக்கு வந்தார். தக்காளிக் காடு முழுவதும் சொட்டுநீர் போடுவதாகச் சொல்லியிருந்தவர். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேர் போடுவார்கள் என்று மைதிலி நம்பியிருந்தாள். அவர் உட்காரவில்லை.

“உங்க காட்டை ஒரு எட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன் தாயி.”

“பாத்தீங்களா?” அவள் குரல் இறங்கியது.

“பாத்தேன். போர் போடற ரிக் வண்டி நிக்குது. திருச்செங்கோட்டு வண்டி. எங்களுக்குச் சொட்டு, உங்களுக்கு ஆயிரம் அடியா? நல்ல யாவாரம்!” செருப்பை மாட்டிக்கொண்டார். “எனக்கு வேண்டாம். கேட்கறவங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன்.”

மைதிலி கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

காட்டில் ரிக் வண்டி கிணற்றுப் பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் சிவக்குமார் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். எதிரில் சபரிநாதன். பாகம் பிரிந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவரிடம் ஒருவர் இன்றுதான் வாய் திறந்திருந்தார்கள். அதுவும் ஏசுவதற்கு.

“ஏத்துடா வண்டிய! என் மேல ஏத்திட்டு ஓட்டை போடு!”

“என் பங்குல நான் போடறேன். உனக்கென்ன நோவு?”

“உன் பங்கா? அடியில தண்ணிக்குமாடா வரப்பு போட்டு வெச்சிருக்குது? நீ உறிஞ்சுனா என் கிணத்துல தவளைதான் கெடக்கும்!”

ரிக் டிரைவர் தலையை நீட்டினான். “அண்ணா, போடறதா வேண்டாமாங்க? வண்டி சும்மா நிக்க முடியாதுங்க.”

“போடு!” என்றான் சபரிநாதன்.

மைதிலி ஓடிவந்து கணவனின் கையைப் பிடித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? தீர்த்தகிரி வேண்டாம்னுட்டுப் போறாரு. கடையைப் பூட்டோணும்னு நெனைக்கறீங்களா?”

“கடை! எப்பப் பாரு கடை!” அவன் கையை உதறினான். “ஊருக்கெல்லாம் தண்ணி காட்டறவ புருஷன் காடு காயுது. அது தெரியுதா உனக்கு?”

சிவக்குமார் சிரித்தார். வாய்க்கால் கரையில் புல்லுக்கட்டோடு நின்ற மனைவியைப் பார்த்துப் பேசினார். “கேட்டியா வசந்தா? சொட்டுச் சொட்டா ஊருக்குப் புத்தி சொன்னவங்க ஊட்டுக்கு ரிக் வந்திருக்குது. கடை போர்டை மாத்தி எழுதச் சொல்லு.”

மைதிலிக்கு முகம் எரிந்தது. அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அப்போதும் அவர் அவளைப் பார்க்கவில்லை.

“நல்லாப் பேசற!” சபரிநாதன் கத்தினான். “முறையை மாத்திக் குடுன்னு போன வருசமே கேட்டாச்சு. முடியாதுன்னு குதிச்சது யாரு?”

“யாருடா கேட்டது?”

“உனக்குத் தெரியாதாக்கும்!”

“எந்த நாயி வந்து எங்கிட்டக் கேட்டுச்சு? என்ன முறை? எதை மாத்தறது?” சிவக்குமாரின் கோபத்தில் குழப்பமும் கலந்திருந்தது. நடிப்பு இல்லை அது.

மைதிலி திரும்பி வசந்தாமணியைப் பார்த்தாள்.

அண்ணி தலைகுனிந்து புல்லுக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் காடு வெளுத்துக் கிடந்தது. வாய்க்கால் கரையில் மட்டும் தீவனப்புல் இடுப்பளவு பச்சையாக நின்றது. தம்பியின் முறையில் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது கசிவதில் வளரும் புல். அதை அறுத்துப் போட்டுத்தான் அவளுடைய மாடுகள் கறக்கின்றன. குழாய் வந்தால் வாய்க்கால் காயும், புல்லும் போகும். பால் சொசைட்டிக்கு அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டியிருக்காது.

வசந்தாமணி அவரிடம் கேட்கவே இல்லை. ‘முடியாதுன்னுட்டாரு’ என்றது அவளே இட்டுக்கட்டிய பதில்.

வசந்தாமணி நிமிர்ந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. சொன்னால் வீட்டுக்குள் நான் என்ன பாடுபடுவேன் தெரியுமா என்றது அது.

மைதிலிக்குச் சொல்லிவிட வாய் துடித்தது. ஒரு வருடம் முழுக்க இந்த மனிதரை மனசுக்குள் திட்டியிருக்கிறாள். கணவனோடு எத்தனை சண்டை! ஆனால் இப்போது அண்ணியை இழுத்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். ரிக் இந்தப் பக்கம் இறங்கிவிடும். கிணறு போனால் கடையும் போகும், அவள் ஊரெல்லாம் சொன்ன சொல்லும் போகும்.

டிரைவர் மறுபடி எஞ்சினை முறுக்கினான். புகை எழுந்தது. மைதிலி நேராகப் போய் வண்டிக்குப் பின்னால், மூத்தாருக்கு எதிரில் நின்றாள்.

“மாமா.”

சிவக்குமார் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பினார். “வசந்தா, அந்தப் புள்ளைய ஊட்டுக்குப் போகச் சொல்லு.”

“அக்கா எதுவும் சொல்ல வேண்டாமுங்க. நான் உங்ககிட்டத்தான் பேசறேன்.”

“மைதிலி!” சபரிநாதன் பின்னாலிருந்து கத்தினான். “அவங்கிட்டப் போய் எதுக்குடி கெஞ்சற? வா இங்க!”

அவள் திரும்பவில்லை. ஊரெல்லாம் முன்பின் தெரியாத ஆட்களிடம் சரளமாகப் பேசுகிறவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சிவக்குமார் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் நகரவில்லை.

“மூணு நாள் முறை வேண்டாமுங்க மாமா. காலையில கரண்டு வந்ததும் தெனமும் ஒரு மணி நேரம் எங்களுக்கு மோட்டாரு குடுங்க. சொட்டுநீருக்கு அது போதுமுங்க. மீதி நேரமெல்லாம் நீங்களே ஓட்டிக்குங்க.”