தலைவியை நீக்கிய கடிதம்

சலவை ஆலையின் பூட்டிய கேட்டுக்கு எதிரே, நடைபாதையில், நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆலையை இழுத்து மூடி ஒரு மாதமாகிறது. பாய்லர்காரர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பேனாவின் பின்பக்கத்தால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். தீ மூட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மூட்டுவார். எழுதத்தான் கை வராது.

நிர்வாகம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சங்கத் தலைவியை இவர்களே பதவியிலிருந்து எடுத்துவிட்டதாக இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால், மற்ற எல்லோருக்கும் வேலை உண்டு. காலையில், 'தலைவிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினார்கள். மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். 'தலைவி தானாக விலகிக்கொண்டார்' என்று எழுதினார்கள். அதுவும் போன வேகத்தில் வந்தது. அவராக விலகினால் ஆகாதாம். இவர்கள் விலக்க வேண்டுமாம்.

"தூக்கிட்டோம்னு எழுதுங்கண்ணே," என்றான் தலைவியின் கொழுந்தன். அவனும் அதே ஆலையில் துவைக்கிற மெஷினில்தான் வேலை.

"தூக்கி எங்க வெச்சீங்கன்னு கேப்பான்யா."

"அப்ப, கழட்டி விட்டுட்டோம்?"

"அவங்க என்ன ரயில் பெட்டியா?"

"கவுத்துட்டோம்?"

"கவுக்கறதுக்கு இது அரசாங்கமாடா? கூட்டம்னு கூப்பிட்டா பாதிப் பேரு வர்றதில்ல."

"துரத்திட்டோம்னு போடுங்க. அதுதான் அவனுக்குப் புரியும்."

"உங்க அண்ணிடா! வீட்ல சோறு வேணுமா வேணாமா உனக்கு?"

மணி மூன்றாகிவிட்டது. சங்கத்தில் கோர்வையாக எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். பதினோரு வருடமாக எல்லா மனுவும் அவர் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. இருவரும் எழுந்து, சுவரோரம் ஒரு வாளியைத் தலைகீழாகப் போட்டு உட்கார்ந்திருந்த தலைவியிடமே போனார்கள்.

"அண்ணி, ஒரு சின்ன வேலை..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. துரத்தணுமா என்னை? நீ வீட்டுக்கு வா, சொல்றேன்."

இஸ்திரிச் சூட்டுத் தழும்புகள் நிறைந்த கையை நீட்டி அட்டையை வாங்கினார். ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார்: "'தலைவியைப் பொறுப்பிலிருந்து நீக்குவதென இக்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' போதுமாண்ணே?"

"நல்லா கம்பீரமா இருக்கும்மா," என்று சொன்ன பாய்லர்காரர், உடனே தலையைத் தொங்கப்போட்டார். "மனசுதான் கேக்கல."

"எனக்கு மட்டும் கேக்குதா? அழுதுருவேன் போல இருக்கு. சீக்கிரம் கையத் தூக்கச் சொல்லுங்க. நாப்பது வீட்ல அடுப்பெரியணும்."

ஒரு கையும் எழவில்லை. எந்தத் தீர்மானமானாலும் முதலில் தலைவி தூக்குவார், அவரைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள், அதுதான் வழக்கம். காத்துப் பார்த்தார். கடைசியில் அவரே தூக்கினார். சடாரென்று முப்பத்தொன்பது கைகள் எழுந்தன.

பழக்க தோஷத்தில் அடியில் 'இப்படிக்கு, சங்கத் தலைவி' என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. மேனேஜர் கவனித்தார். நீக்கப்பட்டவர் கையெழுத்து செல்லாது, புதுத் தலைவர் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நாலரை மணி. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பாய்லர்காரர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"குடுங்க, நானே போட்டுத் தொலைக்கிறேன்," என்றார் பாய்லர்காரர். இந்த முறை கைகள் எழக் கொஞ்சமும் தாமதமாகவில்லை.

ஐந்துக்கு முன்பே கேட் திறந்தது. வாட்ச்மேன் ஒவ்வொருவராக உள்ளே விட்டார். கொழுந்தன் அண்ணியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். பாய்லர்காரர் காலை எடுத்து வைத்ததும் வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்கதானே தலைவரு?"

"ஆமா, அரை மணி நேரமா."

"தலைவரா இருக்கறவங்கள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு." தாளைக் காட்டினார். "பாருங்க, பேரு எதுவும் போடல."

கேட் மூடியது. மாடி ஜன்னலில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீராவி இல்லாமல் உள்ளே ஒரு துணியும் வெளுக்காது.

"அண்ணே!" கேட்டை ஒட்டிய பாய்லர் அறையிலிருந்து கொழுந்தன் கத்தினான். "இத எப்படிண்ணே பத்த வெக்கிறது?"

பாய்லர்காரர் தலைவியைப் பார்த்தார். பிறகு கேட் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டார்.

"மொதல்ல தண்ணி மட்டத்தப் பாருடா! அவசரப்படாத... அந்த வால்வு இல்ல, இடது பக்கம்! இடதுடா! ஆங், மெதுவா..."

புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பும்வரை அவர் கேட்டைவிட்டு நகரவில்லை.